கசங்கிய நோட்டும் ஒற்றைச் சிலம்பும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாள் எழுத்தைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், சாயங்காலங்களில் பேத்திதான் வாசித்துக் காட்டினாள். கதைகளில் நாயகன் யார், எதிர்நாயகன் யார் என்று நீ கேட்டிருந்த கேள்விக்காகவே தஸ்தயெவ்ஸ்கியின் ‘நிலவறைக் குறிப்புக’ளை எடுக்கச் சொன்னேன். இருபது பக்கம் தாண்டுவதற்குள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “தாத்தா, இந்த ஆளுக்கு யாராவது ஒரு வேலை போட்டுக் கொடுக்கக் கூடாதா?” என்றாள். ஆறாயிரம் ரூபிள் சொத்து வந்ததால்தான் அவன் பார்த்த வேலையையே விட்டான் என்று சொன்னதும் இன்னும் எரிச்சல் அவளுக்கு.

நல்லது செய்பவன் நாயகன், கெட்டது செய்தும் நம் அனுதாபத்தைப் பிடுங்கிக்கொள்பவன் எதிர்நாயகன் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கணக்கில் கோவலனை எங்கே வைப்பாய்? ‘தன்னிகர் இல்லாத் தலைவன்’ வேண்டும் என்று பின்னால் வந்த தண்டியலங்காரம் காப்பியத்துக்கு இலக்கணம் சொன்னது. இளங்கோ தந்ததோ, கட்டியவளை விட்டுப் போய், முன்னோர் சேர்த்ததை எல்லாம் தொலைத்துவிட்டு வந்து நிற்கிற ஒருவனை. மதயானையின் பிடியிலிருந்து ஒரு முதியவரை மீட்ட ‘கருணை மறவன்’ அவன் என்பது மாடலன் என்ற அந்தணன் வாயிலாகத்தான் நமக்குத் தெரிகிறது, அதுவும் கதை பாதி போன பிறகு. அந்த வீரத்தை இளங்கோ கண்முன் நடத்திக் காட்டவில்லை. நாம் பார்ப்பது அவன் வெட்கத்தைத்தான்.

‘நிலவறைக் குறிப்புக’ளைச் சொல்கிற அந்த நிலவறை மனிதனுக்கும் வெட்கத்துக்குக் குறைவில்லை. 1864இல் வந்த கதை அது. நாவலுக்கு ஒரு நாயகன் வேண்டும், இங்கேயோ எதிர்நாயகனுக்கான குணங்கள் எல்லாம் வேண்டுமென்றே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று கடைசியில் அவனே சொல்லிக்கொள்கிறான். விலைமகள் லீசா, முன்பு அவன் உருக்கமாகப் பேசியதை நம்பி அவனைத் தேடி வருகிற இடம் நினைவிருக்கிறதா? உன்னை அவமானப்படுத்தத்தான் அன்றைக்கு அப்படிப் பேசினேன் என்று கத்தி, அழுது, உள்ளதை எல்லாம் கொட்டிவிடுகிறான். அவளோ இவன் எவ்வளவு துன்பப்படுகிறான் என்பதைக் கண்டுகொண்டு அணைத்துக்கொள்கிறாள். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. அவள் கிளம்பும்போது கையில் பணத்தைத் திணிக்கிறான். போன பிறகு பார்த்தால் மேசைமேல் கசங்கிய ஐந்து ரூபிள் நோட்டு. பேத்தி இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். நானும் தொடரச் சொல்லவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை ஞாபகத்துக்கு வந்தது. கோவலன் சொல்வதும் வாக்குமூலம்தானே? வெட்டிப் பேச்சுக்காரர்களோடு திரிந்தேன், பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைத் தவறினேன், ‘சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்’, அதாவது சின்ன வயதிலேயே முதிர்ந்த அறிவுள்ள உனக்கும் துன்பம் தந்தேன் என்கிறான். கண்ணகி “அதெல்லாம் பரவாயில்லை” என்று துடைத்துவிடுகிறாளா என்ன? ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு, அவள் காற்சிலம்பில் ஒன்றை வாங்கிக்கொண்டு அவன் கடைவீதிக்குப் போகிறான்.

பார், கொடுத்தவன் எதிர்நாயகன், வாங்கிக்கொண்டவன் நாயகன்! தன் சின்னத்தனத்தைப் பார்த்துவிட்ட ஒருத்திக்குக் கடன்பட்டு நிற்க நிலவறை மனிதனால் முடியவில்லை. காசை விட்டெறிந்து கணக்கை முடிக்கப் பார்க்கிறான். கோவலனால் அந்தக் கடனோடு நடக்க முடிகிறது. செய்த தவறு யாருடையது பெரிது என்று நிறுத்துப் பார்த்தால் கோவலனுடையதே கனமாக இருக்கும். அதனால்தான் உன் அளவுகோல் எனக்கு உதவவில்லை.

இதைச் சொல்லிவிட்டேனே தவிர, காம்யுவின் மெர்சோ என்னை மாட்டிவிடுகிறான். 1942இல் வந்த ‘அந்நியன்’ நாவலின் கதைசொல்லி அவன். ஒருவனைக் கொன்ற வழக்கில், தாயின் சாவுக்கு அழாததே நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராக நிற்கிறது. வருந்துவதாக ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம்; சொல்ல மறுத்து மரண தண்டனை வாங்கிக்கொள்கிறான். கல்லூரி நாட்களில் அவனை நாயகன் என்றே நாம் இருவரும் சாதித்தோம். இப்போது என் கண்ணில் படுவது வேறு. அவன் சுட்டுக் கொன்ற அராபியனுக்கு அந்த நாவலில் ஒரு பெயர்கூட இல்லை. 2013இல் அல்ஜீரிய எழுத்தாளர் கமேல் தாவூத் எழுதிய நாவலில்தான் அவனுக்கு மூசா என்று பெயர் கிடைக்கிறது. மெர்சோ உண்மைக்கு விலை கொடுத்தான், சரி. மூசாவிடம் அவன் பட்ட கடன்? அது அவன் நினைவிலேயே இல்லை. ஆனாலும் அவனை எதிர்நாயகன் என்று ஒதுக்கிவிட மனம் வரமாட்டேன் என்கிறது. பழைய பாசமாகக்கூட இருக்கலாம்.

நீ ராவணனை இழுத்துக்கொண்டு வருவாய் என்று தெரியும். வேண்டாம், அவன் வேறு வழக்கு. கும்பகருணன் என்றால் பேசலாம்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதை இப்போதாவது குறைத்தாயா? எனக்கு இடது கண் அடுத்த மாதம். மெர்சோவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று அதற்குள் எழுதிவிடு. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. பேத்திக்குப் பரீட்சை நெருங்குகிறது, இந்தத் தடவை நானேதான் படித்தாக வேண்டும்.

என்றும் உன்,
பழைய கடைசி பெஞ்சுக்காரன்