‘டேக் ஆஃப்’ என்றால் ‘புறப்படு’ மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாராவாரம் வரும் ஆங்கிலப் பகுதியை என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். பாடப்புத்தகத்தை விட்டால் பல வீடுகளில் ஆங்கிலம் படிக்க அது ஒன்றுதான் வழி. சென்ற வாரம், வினைச்சொல்லோடு ‘ஆஃப்’, ‘அப்’ போன்ற ஒரு சின்னச் சொல் சேர்ந்து வரும் ஃப்ரேசல் வெர்ப்கள் இருபதை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல் கொடுத்திருந்தீர்கள். அதில் ‘டேக் ஆஃப்’ என்பதற்கு ‘புறப்படு’ என்று இருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, ‘மை ஃபாதர் டேக்ஸ் ஆஃப் டு ஆஃபீஸ் அட் நைன்’ என்று எழுதினாள். ஆங்கிலம் பேசுகிறவர் காதில் அது, அப்பா தினமும் ஒன்பது மணிக்கு விருட்டென்று கிளம்பி ஓடிவிடுகிறார் என்பதுபோல் விழும். அடித்துத் திருத்தினேன். “பேப்பர்லயே புறப்படுன்னுதான மிஸ் போட்டிருக்கு?” என்று கேட்டாள், அவள் கேட்டது நியாயம். மறுநாள் ஒரு பத்தியில் ‘தி ஷாப்கீப்பர் டுக் டென் பர்சென்ட் ஆஃப் தி பில்’ என்று வந்தது. கடைக்காரர் பில்லில் பத்து சதவீதம் குறைத்துக்கொடுத்தார் என்பதை, பத்து சதவீதத்தோடு புறப்பட்டுப் போனார் என்று எழுதிவிட்டாள். நன்றாகப் படிக்கிற பெண் அவள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நாம் கொடுத்ததை நம்பினாள், அவ்வளவுதான்.

ஷூவைக் கழற்றுவதும் டேக் ஆஃப், விமானம் தரையை விட்டு எழும்புவதும் டேக் ஆஃப். விலையில் தள்ளுபடி செய்வது, வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் லீவு எடுப்பது, ஒரு மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்வது, புதிதாகத் தொடங்கிய தொழில் திடீரென்று சூடுபிடிப்பது, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போவது, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒருவரைப் போல நடித்துக் காட்டுவதுகூட அதுதான். இவ்வளவையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ‘ஆஃப்’ இருக்கிறது, அது ஒன்றை விட்டு இன்னொன்று விலகுவதைக் காட்டுகிறது. காலை விட்டு ஷூ, தரையை விட்டுச் சக்கரம், விலையை விட்டுப் பத்து ரூபாய், வேலையை விட்டு இரண்டு நாள். இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பொருளைப் பிள்ளைகளே ஊகித்துவிடுகிறார்கள், நான் கண்கூடாகப் பார்க்கிறேன். நடித்துக் காட்டுவதில் மட்டும் அந்த விலகல் சட்டென்று தெரியாது. அவருடைய குரலையும் நடையையும் அவரிடமிருந்து எடுத்து நாம் மாட்டிக்கொள்வது போல என்று, நினைவில் நிற்பதற்காகச் சொல்லி வைப்பேன்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. 1755-ல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்து பொருள் மாறுவதுதான் வேற்றுமொழிக்காரர்களுக்கு மிகப்பெரிய கஷ்டம் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். அதற்கு அவர் கொடுக்கும் உதாரணங்களில் ‘டேக் ஆஃப்’பும் உண்டு, அதற்கு அவர் அங்கே எழுதிய பொருள் ‘டு காப்பி’, அதாவது பார்த்து அதேபோலச் செய்வது! விமானமே இல்லாத காலம் அது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-ல்தான். அதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டில், தாண்டுகிறவர் தரையிலிருந்து எழும்பும் இடத்தை டேக் ஆஃப் என்றார்கள். நீளம் தாண்டும் மைதானத்தில் 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பலகை பதித்திருப்பார்களே, அதற்கு இன்றும் ‘டேக் ஆஃப் போர்டு’ என்றுதான் பெயர். என் மாணவர்களில் நாலு பேர் அந்தப் பலகையை மிதித்துத் தாண்டியவர்கள். விமானத்தை விட அந்தப் பலகை அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கினால் விமானம் தானாகப் புரிகிறது.

அடுத்து இலக்கணம். உங்கள் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’ என்றும் சொல்லலாம், ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ஷூவின் பெயரைச் சொல்லாமல் ‘தெம்’ போட்டால் ‘டேக் தெம் ஆஃப்’ மட்டும்தான் சரி, ‘டேக் ஆஃப் தெம்’ தப்பு. விமானத்துக்கு வரும்போது நடுவில் எதையும் நுழைக்கிற பேச்சே இல்லை, ‘தி பிளேன் டுக் ஆஃப்’ அதோடு முடிந்தது. வினையாகச் சொல்லும்போது அழுத்தம் ‘ஆஃப்’பில் விழும், பெயர்ச்சொல்லாக வந்தால் ‘டேக்’கில் விழும். பரீட்சையில் ஒரு மார்க் போவது இந்த இடங்களில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ரிமூவ்’, ‘டிடக்ட்’, ‘டிபார்ட்’, ‘இமிடேட்’ எல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரியும், கிளினிக் வாசலில்கூட ‘ரிமூவ் யுவர் ஃபுட்வேர்’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஓர் ஆங்கிலேய அம்மா வீட்டுக்குள் ஓடிவரும் குழந்தையிடம் அப்படியா சொல்வாள்? ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ என்பாள். வீட்டுப் பேச்சு இந்தச் சின்னச் சொற்களில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அறிவிப்புப் பலகை ஆங்கிலத்தை மட்டும் படிக்கிற பிள்ளை, போனில் யாராவது சாதாரணமாக நாலு வார்த்தை பேசினால் திணறுகிறது.

தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இதெல்லாம் புதிதும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். நம் ‘எடு’வையே பாருங்கள். போட்டோ எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம், பசி எடுக்கிறது. அந்த வீட்டில் பெண் எடுத்திருக்கிறோம் என்கிறோம். ஒருவர் எடுத்துச் சொன்னால் அது நல்லது, எடுத்தெறிந்து பேசினால் சண்டை. ‘எடுத்தெறிந்து’ என்றதும் எந்தக் குழந்தையும் கையில் எதை எடுத்து எறிந்தார் என்று கேட்பதில்லை. அப்புறம் ‘அவர் பேச்சு கூட்டத்தில் எடுபடவில்லை’ என்கிறோமே, ‘இட் டிட் நாட் டேக் ஆஃப்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக நான் எங்கே தேடுவேன்? இந்த ஒரு சொல்லை வகுப்பில் சொன்ன அன்று பின்வரிசைப் பையன் வரைக்கும் தலையை ஆட்டினான். பட்டியலை வைத்து ஒரு மாதம் நடத்தியும் அது நடக்கவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். இருபது வேண்டாம், வாரம் ஒன்று போடுங்கள். அதற்கு எத்தனை பொருள் உண்டோ, ஒவ்வொன்றுக்கும் வீட்டில், கடையில், பஸ்ஸில் நடக்கிற மாதிரி ஒரு சின்ன உரையாடல். பக்கத்திலேயே தமிழில் அதே இடத்தில் நாம் என்ன சொல்வோம் என்பது, ‘புறப்படு’ போல அகராதிச் சொல்லாக இல்லாமல் முழு வாக்கியமாக. எங்கே பிரிக்கலாம், எங்கே பிரிக்கக் கூடாது என்று ஒரு வரி. இடம் இவ்வளவுதான் என்றால் குறுக்கெழுத்தை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போட்டாலும் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கேட்டுவிட்டேன்.

முதலில் ‘டேக் ஆஃப்’புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அந்தப் பெண் சென்ற வாரப் பட்டியலைக் கிழிக்காமல் வைத்திருக்கிறாள், பக்கத்தில் ஒட்டுவதற்கு இடமும் விட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஆங்கில டியூஷன் ஆசிரியை,
பெரியகுளம்