சாவியை எடுத்த பிறகும் ஓடும் ஃபேன்

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். மற்ற சேதியெல்லாம் அப்புறம், முதலில் உன் வண்டி.

சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் நிற்கவில்லை, மெக்கானிக் டெம்பரேச்சர் சென்சாரை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்பட்டு சென்சார் வாங்கிவிடாதே. யாரோ ஓடச் சொல்லி ஃபேன் ஓடுகிறதா, யாரும் சொல்லாமலே ஓடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. சொல்வது ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். சாவி ஆஃப் ஆகி இரவெல்லாம் ஆறிய வண்டியில் ஈசியூ தூங்கிக்கொண்டிருக்கும். அப்போதும் ஃபேன் சுற்றினால் சென்சாரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஓடும் எல்லா ஃபேனும் பழுதல்ல. வெயிலில் ஓட்டி வந்து நிறுத்தியதும் சில நிமிடம் ஓடி நிற்பது பல வண்டிகளில் வழக்கம்தான். ஏசி போட்டால், அதன் சூட்டை வெளியேற்றும் கன்டென்சருக்காக ஓடும். முன் கண்ணாடிக்குக் காற்று திருப்பினாலே சில வண்டிகளில் ஏசி கம்ப்ரசர் தானாகச் சேர்ந்துகொள்ளும், லைட் எரியாவிட்டாலும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள டீசல் வண்டியைப் புகைக்கரி எரிந்துகொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தினால் ஃபேன் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டுத்தான் அடங்கும். உன்னுடையது பெட்ரோல், அந்தக் கவலை இல்லை.

இப்போது ரிலே, ஈசியூ சொன்னதும் ஃபேனுக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்ச். பேட்டரி பக்கத்து ஃபியூஸ் பாக்ஸின் மூடியைத் திருப்பினால் எந்த ரிலே எங்கே என்று படம் இருக்கும். லோ, ஹை என்று ஃபேனுக்கே இரண்டு மூன்று இருக்கலாம். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ரிலே தலையில் மெல்லத் தட்டு. நின்றுவிட்டால் உள்ளே பாயின்ட் (கரண்ட் கடக்கும் தொடுமுனை) ஒட்டியிருக்கிறது. நிற்காவிட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார். பிடுங்கியதும் நின்றால், அந்த ரிலேயைக் கையில் வைத்துக்கொண்டு 30, 87 என்று எண் போட்ட இரண்டு காலுக்கும் மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வை. தனியாகக் கிடக்கும் நல்ல ரிலேயில் பீப் வரக்கூடாது. வந்தால் கதை முடிந்தது. 85, 86 காலுக்கு நடுவே காயில், பாயின்ட்டை இழுக்கும் காந்தச் சுருள். 12 வோல்ட் ரிலேயில் சாதாரணமாக 70 முதல் 100 ஓம் காட்டும். பிளாஸ்டிக் மூடியை நெம்பிக் கழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம்: கறுத்த செம்புத் தகடு, அதன் நுனியில் எள்ளளவு உருகிய உலோகம் எதிர்ப் பாயின்ட்டைக் கவ்வியிருக்கும்.

புது ரிலே போட்டதோடு விட்டுவிடாதே. பாயின்ட் சும்மா ஒட்டாது. மோட்டாரில் தண்டைத் தாங்கும் புஷ் இறுகினால் கரண்ட் கூடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அது இன்னும் பல மடங்கு பாயும், பாயின்ட்டில் பொறி பறக்கும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஃபேன் ஒயரில் மாட்டிப் பார். சின்னக் கார் ஃபேன் ஓட்டம் பிடித்தபின் 8 முதல் 15 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 20-ஐத் தாண்டினால் மோட்டாரை மாற்று, இல்லாவிட்டால் அடுத்த ரிலேயும் இதே கதிதான். பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றினாலே இறுக்கம் தெரியும். டெர்மினலைக் கழற்றாமல் மட்டும் இறக்கையில் கை வைக்காதே. சொல்லிக்கொண்டா ஓடப்போகிறது அது?

ரிலே நல்லது, ஆனால் புது ரிலே சொருகினாலும் ஃபேன் ஓடுகிறது என்றால், காயிலுக்கு யாரோ எர்த் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் காயிலின் ஒரு முனைக்கு 12 வோல்ட், மறுமுனையை ஈசியூ எர்த் செய்யும். ரிலேயைப் பிடுங்கி, சாவி ஆஃபில், அந்த மறுமுனை ஓட்டைக்கும் பாடிக்கும் இடையே மீட்டர் வை. பீப் வந்தால் ஈசியூ பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி பார். அப்போதும் வந்தால் ஒயர் எங்கோ உரசியிருக்கிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. உன் தெரு எலிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பீப் நின்றால் ஈசியூவுக்குள் ரிலேயை இயக்கும் டிரைவர் சர்க்யூட் ஷார்ட்.

ரிலே இல்லாமல், ஃபேன் சட்டத்திலேயே கன்ட்ரோல் மாடியூல் வரும் புது வண்டிகளில் கணக்கு வேறு. உள்ளே டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் சாவி இல்லாமலே ஓடும். ஈசியூவிடமிருந்து சிக்னல் வரவில்லை என்றாலும் பாதுகாப்புக்காக முழு வேகத்தில் ஓடுவதும் உண்டு. எனவே மாடியூல் வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றிப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பார்.

சென்சாரின் முறை எப்போது வரும் என்றால், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது சாவி போட்டதுமே ஃபேன் கிளம்பி, சாவியை எடுத்ததும் நின்றால். காலையில் ஓபிடி ஸ்கேனரை (ஈசியூவில் உள்ளதைப் படித்துக் காட்டும் கருவி) மாட்டி கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் பார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 காட்டினால் சர்க்யூட் அறுந்திருக்கிறது, பி0118 என்ற பழுதுக் கோடும் வரும். 130-க்கு மேல் காட்டினால் ஷார்ட், அதற்கு பி0117. சூடு எவ்வளவு என்று தெரியாதபோது ஈசியூ வம்புக்குப் போகாமல் ஃபேனை ஓடவிட்டுவிடும். சென்சாரைத் தனியாக அளந்தால் பொதுவான வகைகளில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். சூடு ஏற ஏற ஓம் இறங்க வேண்டும். கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் சென்சார் முனையில் சுண்ணாம்பு படிந்திருப்பதைப் பார்க்கலாம். ஏசி பிரஷர் சென்சார் கெட்டாலும் இதே மாதிரி ஓடும், கோடு மட்டும் வேறு.

ரேடியேட்டரில் தெர்மோ சுவிட்ச் (சூடானால் ஃபேனைப் போடும் சுவிட்ச்) உள்ள பழைய வண்டியென்றால், எஞ்சின் ஆறியபின் அதன் பிளக்கைப் பிடுங்கு. ஃபேன் நின்றால் சுவிட்ச் கெட்டது. ஆனால் பழைய டொயோட்டா சிலவற்றில் தலைகீழ்: சூடானால்தான் சுவிட்ச் திறக்கும், பிளக்கைப் பிடுங்கினால் ஃபேன் ஓடத்தான் செய்யும். அது தெரியாமல் நல்ல சுவிட்சைத் தூக்கிப் போடுவார்கள்.

எஞ்சின் உண்மையிலேயே சூடாகி ஓடினால் ஃபேன்மேல் தப்பில்லை. கூலன்ட் குறைவு, ஏர் லாக் (கூலன்ட் குழாயில் காற்று சிக்குவது), 82-88 டிகிரியில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் (கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்காதது, இவற்றைப் பார். யாராவது 'தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஃபேனை டைரக்ட் கொடுத்துடலாம்' என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. எஞ்சின் எப்போதும் பாதிச் சூட்டில் ஓடும், பெட்ரோல் குடிக்கும்.

சரியாகும் வரை, நிறுத்தியதும் ஃபேன் ரிலேயைப் பிடுங்கி வை, கிளம்பும் முன் மறக்காமல் சொருகு. 15 ஆம்பியர் இழுத்தால் 45 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. ஸ்டார்ட்டர் அதற்கு முன்பே கைவிரித்துவிடும்.

ரிலேயைப் பிடுங்கியதும் நின்றதா, 30-க்கும் 87-க்கும் பீப் வந்ததா, இந்த இரண்டை மட்டும் போனில் சொல். அக்காவை விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
செல்வம்