எங்கே அழிந்தன அந்தச் செல்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாவரச் சேர்மம் ஒன்று புற்றுநோய் செல்களை அழிப்பதாகத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். புற்றுநோய் மருந்துகளைக் கலந்து அனுப்பும் மருந்தாளுநர் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அந்தச் செல்கள் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்டவை என்ற விவரம் கடைசிப் பத்தியில், 'ஆய்வகத்தில்' என்ற ஒற்றைச் சொல்லாக வந்து போகிறது. தட்டில் வளரும் செல்லைக் கொல்ல மூலிகை கூடத் தேவையில்லை. உப்பைச் சற்று அதிகம் கரைத்து ஊற்றினாலே அது செத்துவிடும்.

செடிகொடிகளிலிருந்து மருந்து வராது என்று நான் வாதாடவில்லை; நாள்தோறும் நான் கையாளும் மருந்துகளில் பல அங்கிருந்து வந்தவைதாம். நித்திய கல்யாணியையே எடுத்துக்கொள்வோம் (அதே செடிக்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்). நீரிழிவுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு வந்த அதன் இலைச்சாற்றை ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற ஆய்வாளர்கள் 1950களில் எலிகளிடம் சோதித்தார்கள். வாய்வழி கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஊசி மூலம் ரத்தத்தில் செலுத்தியபோதோ எலிகள் சில நாட்களிலேயே தொற்று கண்டு மடிந்தன. எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, வெள்ளணுக்கள் சரிந்திருந்ததே காரணம். வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு இது பயன்படக்கூடும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1958இல் வின்பிளாஸ்டினும், பின்னர் வின்கிரிஸ்டினும் ஆகிய புற்றுநோய் மருந்துகள் அச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டன. வின்கிரிஸ்டின் இன்றளவும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் தவிர்க்க முடியாத மருந்தாக இருக்கிறது.

அந்த மருந்தை நாங்கள் எப்படிக் கையாள்கிறோம் என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். பெரியவர்களுக்குக் கூட ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசை வெந்து போகும். தவறுதலாக முதுகுத்தண்டு நீரில் செலுத்திவிட்டால் நோயாளியைக் காப்பாற்றுவது அரிது. அதனால்தான் அதைச் சிரிஞ்சில் நிரப்பாமல் சிறு திரவப் பையில் கலந்து, 'சிரை வழி மட்டுமே. பிற வழிகளில் கொடுத்தால் மரணம்' என்று ஒட்டி அனுப்புகிறோம். இலையிலோ இந்தச் சேர்மம் மிகமிகச் சொற்பம். கூடவே ஆல்கலாய்டுகள் எனப்படும் வேறு தாவர வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல். கஷாயம் வைப்பவருக்கு எது எவ்வளவு இறங்கியது என்று தெரிய வழியே இல்லை.

பசிபிக் யூ மரப்பட்டையின் கதையும் இப்படித்தான்: 1962இல் பட்டை சேகரிக்கப்பட்டது, 1971இல் அதிலிருந்து கிடைத்த பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தின் வேதி அமைப்பு வெளியானது, அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததோ 1992இல். சீன மரமொன்றிலிருந்து கிடைத்த காம்ப்டோதெசின் தன் நச்சுத்தன்மையால் 1970களில் கைவிடப்பட்டு, மூலக்கூறு மாற்றியமைக்கப்பட்ட பிறகே டோபோடெகான், இரினோடெகான் என்று புற்றுநோய் மருந்தானது. கரை சேராதவை இவற்றைவிட மிக அதிகம். தட்டில் அசத்தும், மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்படும் சிறிதளவையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. ஆப்ரிகாட் கொட்டையில் உள்ள அமிக்டலின் என்ற சேர்மத்தை 178 புற்றுநோயாளிகளிடம் சோதித்து 1982இல் வெளியான ஆய்வில் பலன் எதுவும் தென்படவில்லை. சிலரின் ரத்தத்தில் சயனைடுதான் ஏறியிருந்தது.

செய்தியைப் படித்துவிட்டுச் சிகிச்சையை நிறுத்துபவர்கள் சிலரே. மருத்துவரிடம் சொல்லாமல் மூலிகையையும் சேர்த்து உட்கொள்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. மனச்சோர்வுக்குப் பலர் உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெகான் உடலில் உருமாறித் தரும் செயல்திறன் மிக்க பொருளின் அளவைச் சுமார் 40 சதவீதம் குறைத்துவிடுகிறது. மருந்து பைக்குள் சரியான அளவில்தான் இருக்கும். உடலுக்குள் குறைந்துபோனதை நாங்கள் எப்படி அறிவோம்?

ஆகவே இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, சோதனை தட்டில் நடந்ததா, எலியிலா, மனிதரிலா என்பதையும், மனிதரில் என்றால் எத்தனை பேரில் என்பதையும் தலைப்பிலோ முதல் பத்தியிலோ குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்