நைஜீரியாவின் லாகோஸ் நகர் அஜெகுன்லேயில் வாழும் நைஜர் டெல்டா இஜோ மக்களின் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் பெரியவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. மே மாதம், நைஜர் டெல்டா விடுதலைக்குப் போராடிய நம் ஐசக் போரோ நினைவு நாளும், டிசம்பர் 11-ல், எண்ணெய் வளத்தில் உரிமை கேட்டு நம் இளைஞர்கள் வெளியிட்ட கையாமா பிரகடன நாளும் வழக்கம்போல் அனுசரிக்கப்பட்டன. துக்க வீடுகளுக்கு உதவி போய்ச் சேர்ந்தது.

இனி, மன்றச் சுவரில் தீட்டிய நம் ஊர்களின் வரைபடம். அதற்கு எதற்கு இவ்வளவு பெயிண்ட் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். லாகோஸில் பிறந்த நம் பிள்ளைகளிடம் சொந்த ஊர் எது என்றால் பயெல்சா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மாநிலமே 1996-ல் உண்டானது. நாமோ பல மாநிலங்களில் பரவிக் கிடக்கிறோம். அதனால் நைஜர் ஆறு நூன், ஃபோர்காடோஸ் என்று பிரியும் இடத்தைச் சுவரின் மேலே வைத்து, அங்கிருந்து கடல்வரை குலங்களையும் ஊர்களையும் எழுதச் சொன்னேன். நடுவில் கொலோகுமா, எக்பெதியாமா, நெம்பே. மேற்கே டெல்டா மாநிலத்தில் போமாடி, புருடு, க்பராமாது, எடோவில் ஒலோடியாமா, ஒண்டோவில் அரோக்போ, அபோய். கிழக்கே ரிவர்ஸ் மாநிலத்தில் கலபாரி, ஒக்ரிகா, போனி, ஒபோபோ.

சுவர் போதவில்லை. அரோக்போ மின்சார சுவிட்ச் பெட்டிக்கு அடியில் ஒதுங்கியது. ஒபோபோ கதவோரம் வந்ததால் கதவைத் திறந்தால் மறைந்துவிடும். போனியை விட்டு வெளியேறி 1870-ல் மன்னர் ஜாஜா உருவாக்கிய ஊர் கதவுக்குப் பின்னால் நிற்பதா என்று ஒபோபோக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். நியாயம்தான். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றியாயிற்று. தச்சர் கூலி பாக்கி.

பயெல்சாவின் ஒக்பியா, எபியே மக்களை ஏன் சேர்த்தீர்கள், அவர்கள் பேச்சு வேறாயிற்றே என்று இன்னொரு புகார். பேச்சு வேறுதான். ஆனால் 1956-ல் நாட்டிலேயே முதன்முதலாக வணிக அளவில் எண்ணெய் கிடைத்த ஒலோய்பிரி ஒக்பியாவில் இருக்கிறது. பயெல்சாவின் தலைநகர் யெனகோவா இருப்பது எபியே மண்ணில். ஒக்பியாவில் பிறந்த குட்லக் ஜொனாதன் ஜனாதிபதியானபோது நம்மவர் என்று ஆடியவர்கள்தான் இன்று இப்படிக் கேட்கிறார்கள். அந்தப் பெயர்களை நான் அழிக்கப் போவதில்லை.

தங்கள் ஊர் விட்டுப்போயிற்று என்று சத்தம் போட்டவர்களைச் சந்தாப் புத்தகத்தில் தேடினேன். பெரும்பாலானோர் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. ஊர்ப் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் வேண்டுமாம்! வேலைக்கு வருகிறேன் என்று பெயர் கொடுத்த பலர், பெயிண்ட் காய்ந்த பிறகு போட்டோ எடுக்க வந்தார்கள்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன, விவரம் பொருளாளரிடம். தலைவருக்கும், சமையலைப் பார்த்துக்கொண்ட மகளிர் அணிக்கும், நாற்காலி தந்த தேவாலயத்துக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு எதிர்ச் சுவர் காலியாக இருக்கிறது. மீன்பிடிக்கப் போய்க் கமரூன் கரைவரை குடியேறிய நம்மவர்களை அங்கே எழுத ஆசை. பெயிண்ட் கடைக்காரர் இனிக் கடன் தருவதாக இல்லை. செயலாளர் பதவிக்கு வேறு யாரும் வர விரும்பினால் தாராளமாக வரலாம். சந்தா பாக்கி இருக்கக் கூடாது என்பது விதி. பொருளாளர் இன்று கூட்டம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருப்பார்.

செயலாளர்