குடியிருப்பாளர் சங்கம், பினாங்கு: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, பெரியவர்களே, தம்பி தங்கச்சிகளே, வணக்கம்.

செயலவை மாதம் ஒருமுறை கூடியது. பொங்கல், தண்ணீர்மலை தைப்பூசப் பந்தல், கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப்பணி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஞாயிற்றுக்கிழமை உதவி மேசையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போனது.

உதவித்தொகைப் பாரம் நிரப்பத்தான் ஆட்கள் வருவார்கள் என்று நினைத்து மேசை போட்டோம். வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது வேலை, அதுவும் கவர்மெண்டு வேலை. இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் குவார்ட்டர்ஸில், அரசாங்க ஊழியர் குடியிருப்பில், வளர்ந்தவர்கள்! அப்பா நகராண்மைக் கழகத்தில், அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா, சித்தப்பா ரயில்வேயில். சம்பளம் சின்னதுதான். ஆனால் கூரை இருந்தது, வைத்தியம் இருந்தது, வேலை நிரந்தரம். 1969-இல் பினாங்கு தீர்வையற்ற துறைமுக அந்தஸ்தை இழந்து ஊரே வேலையில்லாமல் நின்றபோது, அந்த மாதச் சம்பளம்தான் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது.

1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது, நம் பெண்கள் பஸ் ஏறி பேக்டரிக்குப் போனார்கள். அப்புறம் அரசாங்கமே வேலைகளை வெளியில் விடத் தொடங்கியது. 1997-இல் அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவும் சலவையும் தனியார் குத்தகைக்குப் போயின. அம்மா துடைத்த அதே வார்டை இன்று மகள் துடைக்கிறாள், குத்தகையாளரின் சட்டையைப் போட்டுக்கொண்டு. குத்தகை கைமாறினால் பத்து வருஷ சர்வீஸும் அழிந்து, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்று மேசைக்கு வந்த ஓர் அக்கா அழுதார்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. அரசாங்கத்தில் 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் கடைநிலை ஊழியருக்கே அலவன்ஸோடு சேர்த்து 2,000 வெள்ளிக்குக் குறையாமல் வருகிறது. 2026 ஜனவரியில் இரண்டாவது கட்ட உயர்வும் கிடைத்துவிட்டது. இருந்தும் நம் பிள்ளைகள் மனுப் போடுவதில்லை. “போட்டாலும் கிடைக்காது அங்கிள்” என்கிறார்கள். அந்த எண்ணம் சும்மா வரவில்லை. அப்பா போட்டார், அண்ணன் போட்டான், பதிலே வரவில்லை. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் போடாத மனுவுக்கு நாம் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

ஒரு தம்பி, மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர். அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கும் பொதுச் சேவை ஆணையத்தில் மூன்று வருஷத்துக்கு முன்பே பதிந்துவிட்டேன், இன்னும் கூப்பிடவில்லை என்றார். பார்த்தால் பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும், அது எப்போதோ காலாவதி. மின்னஞ்சலைத் திறந்து கொடுத்தது சைபர் கபே பையன், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தாலும் இவருக்குத் தெரிந்திருக்காது. புதிதாக ஒன்று திறந்து, பாஸ்வேர்டைப் பள்ளி நோட்டில் எழுதிக் கொடுத்தோம். அவருடைய அம்மா அந்தத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எஸ்.பி.எம். எனும் ஐந்தாம் படிவத் தேர்வில் மலாய்மொழிக்குக் கிரெடிட் இல்லாததுதான் தம்பிக்கு அடுத்த தடை. கிராணி (குமாஸ்தா) வேலைக்கெல்லாம் அது கட்டாயம். பணி ஓய்வு பெற்ற நம் ஆசிரியை ஒருவர் வாரம் இரண்டு மாலை அவருக்கும் இன்னும் சிலருக்கும் சொல்லிக் கொடுக்கிறார். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

சரி, உதவித்தொகைக்கு வருகிறேன். ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் மைகாட்டில், அதாவது அடையாள அட்டையில், கடையில் சாமான் வாங்க 100 வெள்ளி வந்தது. ஒரு பாட்டி அரிசியும் எண்ணெயும் எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அட்டையை மெஷின் படிக்கவில்லை, சிப் தேய்ந்துபோயிருந்தது. எடுத்த சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தார். மறுநாளே உதவித் தலைவர் அவரைக் காரில் பதிவு இலாகாவுக்கு அழைத்துப்போய் அட்டையை மாற்றிக் கொடுத்தார். சமூகநல இலாகாவின் முதியோர் உதவி 600 வெள்ளியாக உயர்ந்ததும் பாட்டிக்கு அன்றுதான் தெரியும். அதற்கும் மனுப் போட்டாயிற்று.

சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அட்டை, வைத்திருக்கும் ஒரு பெரியவரும் மேசைக்கு வந்தார். இந்த ஊரிலேயே பிறந்தவர், இங்கேயே சாலை போட்டவர். அவருக்கு அந்த 100 வெள்ளியும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறப்புக்குச் சாட்சியாகத் தோட்டப் பதிவு, பள்ளிப் பதிவு என்று தேடிக்கொண்டிருக்கிறோம். அவரோடு படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இந்த ஆண்டும் மேசை தொடர ஒரு பிரிண்டரும், மலாயில் தடையில்லாமல் எழுதக்கூடிய இரண்டு இளைஞர்களும் தேவை. பிரிண்டருக்கான செலவை அனுமதிக்கும்படியும், இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படியும் பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.
செயலாளர்