இரவு ஷிஃப்டுக்கு ரோஸ்டர் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் பாதுகாவல் நிறுவனங்களிலும் ஆட்களுக்கு ஷிஃப்ட் பிரித்துத் தரும் மேற்பார்வையாளர்களுக்கு, வணக்கம்.

மாதக் கடைசியில் நீங்கள் போடும் ரோஸ்டர் யார் எப்போது வேலைக்கு வர வேண்டும் என்று சொல்கிறது. யார் எப்போது தூங்க முடியும் என்பதும் அதிலேயே முடிவாகிவிடுகிறது. "இரவு வேலைக்கு வருகிறவர் நன்றாகத் தூங்கிவிட்டு வர வேண்டும்" என்று பாதுகாப்புக் கூட்டங்களில் தவறாமல் சொல்கிறோம். அதற்கான நேரத்தை அட்டவணையில் விட்டிருக்கிறோமா என்று பார்ப்பவர்கள் குறைவு. தூங்கும் பழக்கம் அவருடைய பொறுப்பு, தூங்குவதற்கான நேரம் உங்களுடைய பொறுப்பு. இந்த மடல் இரண்டைப் பற்றியும் பேசுகிறது.

முதலில் நேரக் கணக்கு. அண்டை மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவருக்கு இரவு 8 முதல் காலை 8 வரை வேலை என்று வைத்துக்கொள்வோம். கடற்பாலத்து நெரிசலுக்குப் பயந்து மாலை 6 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறார். காலையில் அடுத்த அணியிடம் பொறுப்பை ஒப்படைத்து முடிக்க 8.15 ஆகிறது. வீடு சேர 9.45. குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது 10.30. அன்றிரவும் வேலை என்றால் 5 மணிக்கு எழுந்தாக வேண்டும். கைக்குக் கிடைப்பது ஆறரை மணி நேரம், அதுவும் வெயில் நேரத்தில். உடம்பின் உள்கடிகாரம் விழித்திருக்கச் சொல்லும் அந்த நேரத்தில் ஆறரை மணி நேரமும் தூக்கமாக அமைவதில்லை. இதற்கு மேல் "ஒரு மணி நேரம் முன்னதாக வந்து ட்ரெயினிங்கை முடித்துவிடுங்கள்" என்று சொன்னால், அந்த ஒரு மணி நேரம் அவருடைய தூக்கத்திலிருந்துதான் போகும்.

அடுத்தது 'ஆஃப்'. வேலை நியமனச் சட்டத்தில் ஓய்வு நாள், வேலை நேரம் பற்றிய நான்காம் பாகத்துக்குள் வரும் ஷிஃப்ட் ஊழியருக்கு வாராந்தர ஓய்வு நாள் என்பது தொடர்ச்சியாக 30 மணி நேரம். ஞாயிறு காலை 8 மணிக்கு இரவு வேலை முடித்தவரைத் திங்கள் காலை 8 மணிக்குப் பகல் வேலைக்கு அழைத்தால் இடையில் இருப்பது 24 மணி நேரம்தான். ரோஸ்டரில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் 'ஆஃப்' என்று எழுதியிருந்தாலும் அது ஓய்வு நாள் ஆகாது. திங்கள் இரவு 8 மணிக்கு அழைத்தால் 36 மணி நேரம் வருகிறது, சட்டப்படி சரி. ஆனால் அதில் முதல் எட்டு மணி நேரம் போன இரவின் களைப்பைத் தீர்க்கவே சரியாகிவிடும். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் நாளைத் தூங்கும் நாள் என்று தனியாகக் கணக்கு வையுங்கள். அதற்கு மறுநாளிலிருந்து ஓய்வை எண்ணுங்கள். சட்டம் கேட்பதைவிட இது கூடுதல் என்று தெரிந்தேதான் கேட்கிறோம். ஒரு நாள் வேலை 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, மாத ஓடி (கூடுதல் நேர வேலை) 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்புகள் தாண்டக்கூடாத எல்லைகள். அதுவரை நிரப்பியே தீர வேண்டும் என்பதில்லை.

ஷிஃப்டைச் சுழற்றும் திசையும் முக்கியம். காலை, பிறகு மாலை, பிறகு இரவு என்று முன்னோக்கிச் சுழற்றுங்கள். உடம்பின் கடிகாரம் இயல்பாகவே 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. எனவே தாமதமாகப் படுப்பது அதற்கு எளிது, முன்கூட்டியே படுப்பது கடினம். இரவு, மாலை, காலை என்று பின்னோக்கிச் சுழற்றும் அட்டவணைகளில் மாலை ஷிஃப்ட் 11 மணிக்கு முடிந்து மறுநாள் காலை 7 மணிக்கே வேலை தொடங்கும் எட்டு மணி நேர இடைவெளிகள் முளைக்கும். பயணமும் சாப்பாடும் போக நாலரை மணி நேரத் தூக்கம் மிஞ்சினால் பெரிது. இரண்டு ஷிஃப்டுகளுக்கு நடுவில் குறைந்தது 11 மணி நேரம் விடுங்கள். தொடர்ந்து இரண்டு அல்லது மூன்று இரவுகளுக்கு மேல் போடாதீர்கள். ஏழு இரவு போட்டால் உடம்பு பழகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. பகலில் வெளிச்சமும் குடும்பமும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்வரை உடம்பு முழுதாகப் பழகுவதில்லை, தூக்கக் கடன்தான் ஏறுகிறது.

முதல் இரவுக்கும் தனி ஆபத்து உண்டு. இரவு வேலை தொடங்கும் நாளன்றும் வழக்கம்போலக் காலை 7 மணிக்கு எழுந்து, பகலில் கண்ணயராமல் வேலைக்கு வருபவர் நள்ளிரவில் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். காலை 7 மணிக்கு அது 24 மணி நேரம். 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரைப் போலத் தடுமாறுவதையும், 24 மணி நேரத்தில் அது 0.10 விழுக்காட்டுக்கு இணையாவதையும் காட்டியது. சிங்கப்பூரில் வாகனம் ஓட்டுபவருக்கான வரம்பு 0.08. அந்த நிலையில் அவர் மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார்.

இதற்கு மருந்து அன்று பிற்பகல் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஒன்றரை மணி நேரத் தூக்கம். அந்த நேரத்தில் உடம்பு இயல்பாகவே தளரும், தூக்கம் எளிதில் வரும். மாலை 6 மணிக்கு மேல் படுத்தால் பெரும்பாலோருக்கு வராது, புரண்டு புரண்டு படுத்து எரிச்சலோடு வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். ஆகவே இரவு வேலை தொடங்கும் நாளில் பிற்பகல் கூட்டம், மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு வகுப்பு எதையும் வைக்காதீர்கள்.

வேலையின் நடுவே 20 நிமிடக் கண்ணயர்வுக்கு அனுமதி கொடுங்கள். இரவு 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் முறை வைத்து ஒவ்வொருவராக அனுப்பலாம். அலாரம் வைத்து, சாய்ந்து உட்காரும் நாற்காலியில் தூங்கட்டும். முக்கால் மணி நேரம் தூங்கவிட்டால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்ப வேண்டிவரும், தலை கனத்துத் தடுமாறுவார். எழுந்த பிறகு கால் மணி நேரம் கழித்தே இயந்திரத்தையோ ஃபோர்க்லிஃப்டையோ தொட வேண்டும். இஞ்சின் ஓடும் வேனுக்குள் ஏர்கான் போட்டுக்கொண்டு தூங்குவதை முற்றாகத் தடை செய்யுங்கள். புகைக்குழாயில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு மணம்கூட இல்லாமல் உள்ளே சேரும்.

உடல் வெப்பமும் கவனமும் மிகத் தாழ்ந்திருக்கும் நேரம் ஏறத்தாழ அதிகாலை 3 முதல் 5 மணி வரை. வால்வு மாற்றுவது, மருந்தளவு கணக்கிடுவது, மின்சாரம் துண்டித்துப் பூட்டுப் போடுவது போன்ற வேலைகளை அந்த நேரத்துக்குத் திட்டமிடாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் இருவர் சேர்ந்து சரிபார்க்கட்டும்.

கோப்பியைப் பற்றி ஊழியர்களிடம் நீங்களே பேசலாம். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். காலை 9 மணிக்குப் படுப்பவருக்குக் கடைசிக் கோப்பி இரவு 2 மணி. 5 மணிக்குக் கண் சொருகும்போது குடிக்கும் கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) அப்போதைக்கு எழுப்பிவிடும், ஆனால் 9 மணித் தூக்கத்தைக் கெடுத்துவிடும். பிறகு அடுத்த இரவு இன்னும் இரண்டு கோப்பி தேவைப்படும். 5 மணிக்குத் தண்ணீரும் நடையும் வெளிச்சமும் போதும். மதுவும் இப்படித்தான். கடைகளில் மது விற்பனை காலை 7 மணிக்குத் தொடங்குகிறது, இரவு வேலை விடும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். பீர் குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், இரண்டு மூன்று மணி நேரத்தில் கலைந்தும் விடும்.

சாப்பாட்டை வேலைக்கு முன் மாலையில் நிறைவாகச் சாப்பிடுவது நல்லது. நள்ளிரவுக்கு முன்பாகச் சிறிய சாப்பாடு: இரண்டு சப்பாத்தி, முட்டை, கொஞ்சம் காய். 3 மணிக்கு மீ கோரெங்கும் தே தாரிக்கும் என்றால் நெஞ்செரிச்சலும் மந்தமும் சேர்ந்து வரும், அந்த நேரத்தில் உடம்பால் சர்க்கரையைச் சரியாகக் கையாளவும் முடியாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளையைத் தாங்களாக மாற்றிக்கொள்ளக்கூடாது. ரோஸ்டரைப் பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டட்டும். அதற்காகவாவது ரோஸ்டரை நான்கு வாரம் முன்னதாகக் கொடுங்கள்.

1982 முதல் சிங்கப்பூரின் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஆண்டு முழுவதும் விடிவது 7 மணியை ஒட்டித்தான். காலையில் வேலை முடித்து வெளியே வருபவரின் கண்ணில் படுவது இளவெயில், அது மூளைக்குப் பகல் தொடங்கிவிட்டது என்று சொல்கிறது. எம்ஆர்டி ரயிலிலோ நிறுவனப் பேருந்திலோ போகிறவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். தானே ஓட்டிச் செல்பவர் போடக்கூடாது, அவருக்கு அந்த வெளிச்சம் தேவை. அவர் கிளம்புமுன் 20 நிமிடம் கண்ணயர ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

வீட்டில் சன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி வேண்டும். அறைக்குள் கையை நீட்டினால் விரல் தெரியாத அளவு இருட்டு நல்லது. வேலையிடத்தில் தரும் நுரைக் காதடைப்பான் தூக்கத்துக்கும் உதவும், ஆனால் பலர் அதை நுனியில் செருகிவிட்டு உதவவில்லை என்கிறார்கள். விரல்களால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறுகையால் காதின் மேற்புறத்தை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். அலாரத்தை அதிர்வில் வைத்துத் தலையணைக்கடியில் வைக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் சுவர் இடிக்கும் சத்தமான வேலைகள் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை நடக்கலாம், அதாவது சரியாக இவர் தூங்கும் நேரத்தில். அறிவிப்பைப் பார்த்ததும் அந்த வாரம் பகல் ஷிஃப்ட் கேட்டு வந்தால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுங்கள்.

பகலில் தூங்கினால் மூதேவி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பகல் 12 மணிக்குப் படுத்திருப்பவரைச் சோம்பேறியாகப் பார்க்கும் வீடுகள் உண்டு. தமிழகத்தில் குடும்பம் இருப்பவருக்கு வேறொரு தொல்லை. அங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மனைவி நிம்மதியாகப் போன் எடுக்கும் 9 மணி, இங்கே 11.30. ஆழ்ந்து தூங்கும் நேரம். பேசாமலும் இருக்க முடியாது. இங்கே மாலை 6.30, அங்கே 4 மணி, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்திருப்பார்கள். இரவு வேலை வாரங்களில் அந்த நேரத்தைப் பேசும் நேரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வேலைக்குக் கிளம்புவதற்கும் அது ஒத்துவரும். கடைசி இரவு முடிந்து வரும் காலையில் மட்டும் மூன்று நான்கு மணி நேரத்தோடு எழுந்து, வெளிச்சத்தில் நடமாடி, அன்று இரவு 10 மணிக்குப் படுத்தால் மறுநாளிலிருந்து உடம்பு வீட்டாரோடு சேர்ந்துகொள்ளும்.

வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் தங்குபவர்களுக்கு இவற்றில் பாதி கைகூடாது. 2021இல் வந்த விதிப்படி புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர். அந்த 12 பேரில் ஐவர் இரவு வேலை, எழுவர் பகல் வேலை என்றால் யாருக்கும் நிம்மதி இல்லை. ஒருவர் விளக்குப் போடும்போது இன்னொருவர் இப்போதுதான் கண்ணை மூடியிருப்பார். அறைகளை நிறுவனவாரியாக ஒதுக்குவதோடு நிறுத்தாமல் ஷிஃப்ட்வாரியாகவும் பிரித்துத் தரும்படி விடுதி நடத்துபவரிடம் கேளுங்கள். ரோஸ்டர் உங்களிடம் இருப்பதால் பட்டியலை நீங்கள்தான் கொடுக்க முடியும்.

கடைசியாக, யாராவது எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்ததும் பகல் 1 மணிக்கு வரும் அந்த வாட்ஸ்ஆப் செய்தி. "அண்ணே, இன்னிக்கு ஒருத்தர் எம்சி, கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க." இரவு வேலை முடித்துப் படுத்திருப்பவருக்கு இதை அனுப்பாதீர்கள். அவர் மறுக்கத் தயங்குவார், மறுத்தாலும் பிறகு தூக்கம் வராது. ஒவ்வொரு வாரத்துக்கும் மாற்றாளாக அழைக்கத்தக்க இருவரை, அந்த வாரம் இரவு வேலை இல்லாதவர்களாகப் பார்த்து, முன்கூட்டியே சொல்லி ரோஸ்டரிலேயே குறித்து வையுங்கள். அவசரம் வந்தால் அவர்களை அழையுங்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணியாளர்களின் உடல்நலத்தில் அக்கறை கொண்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார அலுவலர்கள் சிலர்
சிங்கப்பூர்