காட்டுச் செர்ரியைக் கொட்டையோடு அரைக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

ஓகஸ்ட் பிறந்தால் ஒன்ராறியோவின் வேலியோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் சோக்செர்ரி என்ற காட்டுச் செர்ரி கறுத்துத் தொங்கும். ‘அது நஞ்சு, தொடாதே’ என்று சிலர் சொல்கிறார்கள். ‘இயற்கைப் பழம்தானே, பறித்து ஜூஸ் அடிக்கலாம்’ என்கிறார்கள் வேறு சிலர். முதற்பேச்சால் நல்ல பழம் வீணாகிறது. இரண்டாவது பேச்சால் ஆளுக்கே ஆபத்து வரலாம். இந்தப் பழத்தை பிளெண்டரிலோ கிரைண்டரிலோ போடவே கூடாது.

காரணம் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. அதில் அமிக்டலின் என்ற பொருள் உண்டு. இலை, பட்டை, இளங்கொப்பு ஆகியவற்றில் அதன் உறவான புரூனசின் உண்டு. முழுசாக இருக்கும்வரை இவை தீங்கு செய்வதில்லை. நசுங்கியதும் செடியின் நொதி இவற்றோடு கலந்து ஹைட்ரஜன் சயனைட் என்ற நச்சு வாயுவை வெளிவிடுகிறது. பழுத்த சதையில் அந்தப் பிரச்சினை இல்லை. நாவற்பழத்தைவிடக் கூடுதலாகத் துவர்க்கும், அவ்வளவுதான். தவறுதலாக ஒரு கொட்டையை முழுசாக விழுங்கினால் அது உடையாமல் வெளியேறிவிடும். அரைப்பதும் கடிப்பதும்தான் ஆபத்து. ‘அரைத்த பிறகு நன்றாகக் கொதிக்க வைத்தால் சரி’ என்பதும் பிழையான நம்பிக்கை. கொதியில் நொதி அழிந்துவிடும், அமிக்டலின் மிஞ்சும். மிஞ்சியதைக் குடலில் உள்ள பக்டீரியாக்கள் உடைத்து அதே நஞ்சை உண்டாக்கக்கூடும். சிறுபிள்ளைகளுக்குக் கொஞ்சமே போதும்.

அடுத்தது, மரத்தை அடையாளம் காண்பது. இங்கே பரவலாகக் காணும் உள்ளூர்ச் செர்ரிகள் மூன்று. சோக்செர்ரி பெரும்பாலும் புதராக, பல தண்டுகளோடு வளரும். இலை நுனிப்பக்கம் அகன்று, விளிம்பில் ஊசி போன்ற நுண்பற்கள் இருக்கும். பிளாக் செர்ரி 25 மீட்டருக்கும் மேலே போகக்கூடிய பெருமரம். அதன் இலைப்பற்கள் மழுங்கி உட்பக்கம் வளைந்திருக்கும், இலையின் அடியில் நடு நரம்போரம் துருநிற மயிர் இருக்கும், பழத்தின் காம்படியில் புல்லி உதிராமல் ஒட்டியிருக்கும். இவை இரண்டும் நீண்ட பூங்கொத்தில் காய்ப்பவை. பின் செர்ரி ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் காம்புகளில் சின்னஞ்சிறு சிவப்புப் பழங்களைத் தரும். காட்டுத்தீக்குப் பிறகு முதலில் முளைத்து வருவது அதுதான். இந்த மூன்றில் ஒன்றை மற்றொன்றென்று மாறி எடுத்தாலும் கேடில்லை. மூன்றுக்கும் ஒரே விதிதான்.

மாறி எடுக்கவே கூடாதது பக்தோர்ன். ஐரோப்பாவிலிருந்து வந்து ஒன்ராறியோ முழுக்கப் பரவிவிட்ட இந்தப் புதரிலும் அதே காலத்தில் கரிய பழங்கள் நிறைந்திருக்கும். தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும். பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள்: செர்ரியில் ஒரே ஒரு கடினக் கொட்டை, பக்தோர்னில் இரண்டு முதல் நான்கு விதைகள். பக்தோர்ன் பழங்கள் நீண்ட கொத்தாகத் தொங்காமல் கொப்போடு ஒட்டித் திரளாக இருக்கும். இலையின் பக்க நரம்புகள் நுனியை நோக்கி வளையும். கொப்பின் முனையில் பல இடங்களில் முள் இருக்கும்.

சமைப்பதற்கு, நன்றாகக் கறுத்த பழங்களைக் கழுவி, மட்டமாக மூடும் அளவு தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும்வரை சுமார் 15 நிமிடம் மெல்லிய நெருப்பில் அவியுங்கள். மரக்கரண்டியால் மெதுவாக அழுத்திவிட்டு, துணியில் வடியுங்கள். கொட்டையைக் குப்பையில் போடுங்கள். ஜெலிக்கு 3 கப் சாறும் 6½ கப் சீனியும் பெரிய பாத்திரத்தில் கொதிக்க வேண்டும். கரண்டியால் கலக்கினாலும் அடங்காத கொதி வந்ததும் ஜெலியை உறைய வைக்கும் திரவப் பெக்டின், பைக்கு 85 மில்லிலீட்டராக இரண்டு பைகள் ஊற்றி, அதே கொதியில் சரியாக ஒரு நிமிடம் வைத்து இறக்குங்கள். சீனியைக் குறைத்தால் உறையாது. ஒரே நேரத்தில் இரட்டை அளவு செய்தாலும் பெரும்பாலும் உறையாது, ஏனென்றால் பாத்திரம் முழுக்க ஒரே சீராகக் கொதிப்பதில்லை. சோக்செர்ரியில் இயல்பாகவே பெக்டின் குறைவு. உறையாமல் போனதைப் பாணியாகப் பயன்படுத்தலாம். தோசைக்கும் பான்கேக்குக்கும் அருமையாக இருக்கும்.

‘முதற்குடி மக்கள் கொட்டையோடுதானே இடித்தார்கள்?’ என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். வட அமெரிக்கச் சமவெளியின் லக்கோட்டா மக்கள் இந்தப் பழத்தைக் கல்லில் கொட்டையோடு இடித்து, வடை அளவில் தட்டி, வெயிலில் உலர்த்தி, உலர்ந்த இறைச்சியோடும் கொழுப்போடும் சேர்த்து வஸ்னா செய்கிறார்கள். பச்சையாக இடிக்கும்போது நொதி தன் வேலையைச் செய்துவிடுகிறது. மெல்லியதாகத் தட்டி உலர்த்தும்போது அந்த வாயு காற்றோடு போகிறது. ஹைட்ரஜன் சயனைட்டின் கொதிநிலை 26 பாகை செல்சியஸ் அளவுதான். தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் வந்த அறிவு அது. பிளெண்டரில் அடித்து உடனே குடிப்பதற்கு அதைச் சான்று காட்ட முடியாது.

பட்டைக் கசாயமும் இதே வகை. 1805 ஜூன் 11 அன்று மிசூரி ஆற்றங்கரையில் காய்ச்சலும் வயிற்றுவலியுமாகக் கிடந்த அமெரிக்கப் பயண ஆய்வாளர் மெரிவெதர் லூயிஸ் சோக்செர்ரிக் கொப்புகளை அவித்துக் குடித்துத் தேறியது அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வீட்டில் பட்டை அவிக்க வேண்டாம். அளவு தெரியாமல் குடிக்கும் பொருளல்ல அது.

ஆடு மாடு வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புயலில் முறிந்து வாடிய செர்ரிக் கொப்பு பச்சைக் கொப்பைவிட ஆபத்தானது. வாடும்போது செல்கள் உடைந்து நஞ்சு கிளம்பும். மூச்சுத் திணறல் சில நிமிடங்களிலேயே தொடங்கக்கூடும், மருத்துவரை அழைக்கவே நேரம் இருக்காது. காற்றடித்த மறுநாள் வேலியோரத்தைப் பார்த்து, விழுந்ததை அகற்றிய பிறகே கால்நடையை அவிழ்த்து விடுங்கள்.

ரொறன்ரோ நகரப் பூங்காக்களிலும் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் பழம் பறிக்க அனுமதி இல்லை. ஆகவே சொந்தக் காணியில் நட்டுக்கொள்வதே நல்லது. சதை நீக்கிய கொட்டைகளை ஈர மணலில் கலந்து, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மாதத்துக்குக் குறையாமல் வைத்தால்தான் முளைக்கும்; இல்லையென்றால் இலையுதிர் காலத்திலேயே மண்ணில் ஊன்றிவிட்டு, குளிரிடம் வேலையை விடுங்கள். வேரிலிருந்து கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும், ஆண்டுதோறும் வெட்ட வேண்டும். கொப்பில் கரிய முடிச்சு கண்டால் குளிர்காலக் கடைசியில் முடிச்சுக்குக் கீழே 15 முதல் 20 சென்ரிமீட்டர் தள்ளி வெட்டி அப்புறப்படுத்துங்கள். பீச் தோட்டத்துக்கு 150 மீட்டருக்குள் மட்டும் சோக்செர்ரியை நடாதீர்கள். எக்ஸ் நோயை உண்டாக்கும் கிருமி இதில் தங்கி, தத்துப்பூச்சி வழியாகப் பீச் மரத்துக்குப் போகும்.

வாசகர், மார்க்கம்